சிக்னலில் நின்றால் ஏறுகிற முள்

வாசகர் கேள்விகளுக்குக் கோவை மெக்கானிக் ஒருவரின் பதில்கள்

கேள்வி: எங்களுடையது ஒன்பது வருடமான பெட்ரோல் கார். 84,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பெருங்களத்தூரிலிருந்து கிண்டிக்குத் தினமும் நான்தான் ஓட்டிப் போகிறேன். நான்கைந்து மாதமாக ஒரு தொல்லை. வண்டி ஓடும்போது டெம்பரேச்சர் முள் நடுவில் அப்படியே நிற்கிறது. சிக்னலிலோ நெரிசலிலோ ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்றால் மெல்ல மேலே ஏறுகிறது. அதே நேரத்தில் ஏசியிலும் குளிர் குறைந்துவிடுகிறது. வண்டி நகர்ந்து இரண்டு நிமிடத்தில் முள் பழைய இடத்துக்கு வந்துவிடும். முதலில் காட்டிய இடத்தில், ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகிற வழியைத் திறந்து மூடுகிற தெர்மோஸ்டாட்டை மாற்றினார்கள், சரியாகவில்லை. அடுத்தவர் வாட்டர் பம்ப் என்றார், அதையும் மாற்றினோம். மூன்றாமவர், இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கிற ஹெட் கேஸ்கட் தகடு போயிருக்கும், இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்கிறார். ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறது, நானே பானெட்டைத் திறந்து பார்த்தேன். கூலன்ட் குறையவில்லை. போன வருடக் கடைசியில் முன்பக்கம் லேசாக இடித்து பம்பர் மாற்றினோம், இந்தத் தொல்லைக்கு முன் அது தவிர வண்டியில் கை வைத்ததே இல்லை. இன்ஜினைப் பிரிக்கச் சொல்லட்டுமா சார்?

– ஒரு வாசகி, பெருங்களத்தூர்

பதில்: பிரிக்க வேண்டாம் என்று கடிதம் கிடைத்த அன்றே போன் செய்து சொல்லிவிட்டேன். இதழ் அச்சாகி வரும்வரை விட்டால் அதற்குள் யாராவது ஹெட்டைக் கழற்றிவிடுவார்கள் என்ற பயம்தான். அதன் பிறகு மூன்று வாரத்தில் நான்கு தடவை பேசினோம். சொன்ன சோதனைகளை எல்லாம் பொறுமையாகச் செய்து, எண்களை ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொண்டு பேசினார். நின்றால் மட்டும் சூடேறுகிற வண்டி சித்திரை, வைகாசியில் என் பட்டறைக்கு வாரத்துக்கு ஒன்றாவது வரும். அதனால் நாங்கள் பார்த்ததை வரிசையாக எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். அந்த மூடி குக்கர் வெயிட் மாதிரி. உள்ளே 0.9 அல்லது 1.1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். மூடியின் தலையிலேயே எண் போட்டிருப்பார்கள். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 120 டிகிரிப் பக்கம் போனால்தான் கொதிக்கும், பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் மேலே. மூடியைத் திருகினதும் அழுத்தம் போய்விடுகிறது. 110 டிகிரியில் சத்தமில்லாமல் இருந்த தண்ணீர் அந்த நொடியே கொதித்துப் பீறிடும். 1988இல் நான் வேலை பழகிக்கொண்டிருந்தபோது, மேட்டுப்பாளையம் சாலையில் நின்றுபோன ஓர் அம்பாசடரின் மூடியைக் கோணிச் சாக்கை மடித்து வைத்துத் திறந்தேன். சாக்கு இருந்ததால் முகம் தப்பியது. வலது முழங்கைக்குக் கீழே தோல் வழண்டு இருபது நாள் வேலைக்குப் போக முடியவில்லை. அந்த இடத்தில் தோலின் நிறம் இன்றைக்கும் வேறாகத்தான் இருக்கிறது. முக்கால் மணி நேரமாவது ஆற விடுங்கள். மேல் ஹோஸைத் தொட்டு அழுத்திப் பாருங்கள். ஆறிப்போய் மெத்தென்று அமுங்கினால்தான் மூடியில் கை வைக்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஓடும்போது ஒழுங்காக இருந்து நின்றால் ஏறுகிறது என்றால், ஓடும்போது இன்ஜினுக்குக் கிடைக்கிற ஏதோ ஒன்று நிற்கும்போது கிடைக்கவில்லை. பெரும்பாலும் அது இரண்டில் ஒன்று. ஒன்று, காற்று. அறுபதில் போகும்போது ஃபேனே இல்லாவிட்டாலும் எதிர்காற்று ரேடியேட்டருக்குள் புகுந்து போகும். நின்றுவிட்டால் முழுக்க ஃபேனை நம்பித்தான் பிழைப்பு. இன்னொன்று, உள்ளே தண்ணீர் ஓடுகிற வேகம். இவருடைய வண்டி மாதிரி வண்டிகளில் வாட்டர் பம்ப் இன்ஜினோடு சேர்ந்து சுற்றுகிறது. ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, நிமிடத்துக்கு 700, 800 சுற்றுதான். பம்ப் தேய்ந்திருந்தால் அந்த வேகத்தில் தண்ணீரைச் சரியாகத் தள்ளாது.

காற்றா, தண்ணீரா என்று பிரித்துப் பார்ப்பதற்குக் கழற்றி மாட்ட எதுவும் தேவையில்லை. நிறுத்திய இடத்திலேயே, நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டு, ஆக்சிலரேட்டரை மிதித்து இன்ஜினை 2,000 சுற்றில் இரண்டு நிமிடம் வைத்துப் பாருங்கள். வெட்டவெளியில் செய்யுங்கள், மூடிய ஷெட்டுக்குள் வேண்டாம். இன்ஜின் வேகமாகச் சுற்றினால் பம்பும் வேகமாகச் சுற்றும், தண்ணீர் அதிகம் ஓடும். ஃபேன் மின்சாரத்தில் ஓடுவதால் காற்று கிட்டத்தட்ட அதே அளவுதான். சூடு இறங்கினால் தண்ணீர்ப் பக்கம் கோளாறு: பம்ப், பெல்ட், தண்ணீர் ஓட்டத்தைத் தடுக்கிறபடி உள்ளே சிக்கிய காற்று (ஏர்லாக்), இப்படி ஏதோ ஒன்று. இறங்காமல் அப்படியே நின்றாலோ, கூட ஏறினாலோ, காற்றுப் பக்கம் தேடுங்கள்.

பழைய டிரைவர்கள் நெரிசலில் நியூட்ரலில் போட்டு ஆக்சிலரேட்டரை அமுக்கிக்கொண்டே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அம்பாசடரில் அதற்கு அர்த்தம் இருந்தது. அதில் ஃபேனும் வாட்டர் பம்பும் ஒரே தண்டில், ஒரே பெல்ட்டில். மிதித்தால் காற்றும் தண்ணீரும் சேர்ந்து கூடும். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800இல் இன்ஜினைக் குறுக்காக வைத்தார்கள், ஃபேனுக்குத் தனி மோட்டார். அதன்பின் வந்த சின்னக் கார்களும் ஏறக்குறைய அப்படித்தான். இவற்றில் மிதித்தால் தண்ணீர் மட்டும்தான் கூடும், காற்று கூடாது. பழக்கம் மட்டும் போகவில்லை.

இந்தச் சோதனைக்கு டேஷ்போர்டு முள்ளை நம்ப முடியாது. பல கார்களில் ஓட்டுகிறவர் பதறக் கூடாது என்று, ஏறக்குறைய 80இலிருந்து 100 டிகிரி வரை முள் ஒரே இடத்தில் நிற்கும்படி அமைத்துவிடுகிறார்கள். முள் அசைகிறது என்றால் ஏற்கெனவே நிறைய ஏறிவிட்டது என்று பொருள். சில சின்னக் கார்களில் முள்ளே கிடையாது, நீலத்துக்கும் சிவப்புக்கும் இரண்டு விளக்குகள்தான். ஸ்டீயரிங்குக்குக் கீழே முழங்கால் படுகிற இடத்தில், வண்டியின் கம்ப்யூட்டர் சொல்வதைப் படிக்கிற ஓபிடி சாக்கெட் இருக்கும். அதில் செருகிப் போனில் பார்க்கிற சின்ன புளூடூத் ஸ்கேனர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கூலன்ட் எத்தனை டிகிரி என்று எண்ணாகவே காட்டும். இவரையும் ஒன்று வாங்கச் சொன்னேன்.

இவர் குறித்து வைத்தது இது. அலுவலகத்திலிருந்து வந்து வாசலில் நிறுத்தும்போது 94. ஏசி போட்டபடியே ஐடிலில் விட்டார். மூன்று நிமிடத்தில் 98, ஐந்தாவது நிமிடம் 103, எட்டாவது நிமிடம் 109. 112ஐத் தொட்டால் இன்ஜினை அணைத்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். 109இல் 2,000 சுற்றுக்கு ஏற்றி இரண்டு நிமிடம் வைத்தார். 110. இறங்கவில்லை.

ஆக, கோளாறு காற்றில். பம்பை மாற்றுவதற்கு முன்னால் அந்த இரண்டு நிமிடத்தை யாராவது செலவழித்திருந்தால் பம்புக்குக் கொடுத்த பணம் மிச்சம். எனக்கு இதில் உண்மையிலேயே மனவருத்தம் உண்டு. வண்டி எப்போது சூடாகிறது, எப்போது ஆறுகிறது என்று கேட்டு, அதை வைத்து யோசிப்பதுதான் எங்கள் தொழில். ஒவ்வொரு பார்ட்டாக மாற்றிப் பார்ப்பதற்கு மெக்கானிக் எதற்கு?

ஏசியும் அதே நேரத்தில் குளிர் குறைகிறது என்று கடிதத்தில் எழுதியிருந்தாரே, அதுவும் காற்றைத்தான் காட்டுகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் ஒட்டினாற்போல், ஏசியின் சூட்டை வெளியே விடுகிற கண்டென்சர் நிற்கிறது. இரண்டுக்கும் ஒரே காற்று, ஒரே ஃபேன். ஹெட் கேஸ்கட் போனால் ஐடிலில் ஐந்து நிமிடத்துக்குள் ஏசி சூடான காற்று அடிக்க வேண்டிய காரணம் இல்லை. காற்று சரியாகப் போகாவிட்டால் இரண்டும் சேர்ந்துதான் அடிபடும்.

ஆனால் ஃபேன் ஓடுகிறதே என்பீர்கள். ஃபேன் ஓடுகிறது என்பது பாதி பதில்தான். எந்த வேகத்தில் ஓடுகிறது, எந்தப் பக்கம் சுற்றுகிறது, காற்று எங்கே போகிறது, இவை மீதிப் பாதி. அடுத்து ஒரு வெள்ளைத் தாள். நோட்டுத் தாளோ ஏ4 தாளோ போதும். இன்ஜின் சூடாகி ஃபேன் ஓடும்போது, வண்டிக்கு முன்னால் நின்று, கிரில்லுக்கு நேராகத் தாளைப் பிடித்து விடுங்கள். ஃபேன் காற்றை முன்னாலிருந்து உறிஞ்சி இன்ஜின் பக்கம் தள்ள வேண்டும். தாள் பட்டென்று கிரில்லில் ஒட்டிக்கொண்டு நின்றால் நல்லது. நழுவி விழுந்தால் ஃபேன் பலமில்லாமல் ஓடுகிறது. பல வண்டிகளில் ஃபேனுக்கு இரண்டு வேகம் உண்டு. கூலன்ட் நன்றாக ஏறிய பிறகும் சத்தம் மாறவேயில்லை என்றால் வேகமான நிலைக்குப் போகவில்லை. ரிலே, ரெசிஸ்டர், மோட்டாரின் கார்பன் பிரஷ் என்று பார்த்துக்கொண்டே வர வேண்டும். இந்தச் சோதனையில் கையை, புடவைத் தலைப்பை, துப்பட்டாவை பானெட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். இன்ஜினை அணைத்த பின்னும் சில வண்டிகளில் ஃபேன் தானாக ஓடத் தொடங்கும்.

ஒருமுறை என் பட்டறைக்கு ஒரு வண்டி வந்தது. ரேடியேட்டர் புதிது, தெர்மோஸ்டாட் புதிது, ஃபேன் மோட்டாரும் புதிது. நின்றால் கொதிக்கிறது. ஃபேன் நல்ல வேகத்தில் ஓடுகிறது, சத்தமே சொல்கிறது. தாளை எடுத்து கிரில்லுக்கு முன்னால் பிடித்தேன். ஒட்டவில்லை. எதிர்த்து வந்து என் நெஞ்சில் அடித்துக் கீழே விழுந்தது. கூடவே அனல். மோட்டார் மாற்றும்போது கனெக்டரில் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிச் சேர்த்திருக்கிறார்கள். டிசி மோட்டார்தானே, பிளஸ்ஸும் மைனஸும் மாறினால் எதிர்ப்பக்கம் சுற்றும். இன்ஜின் சூட்டையெல்லாம் அள்ளி முன்பக்கம் துப்பிக்கொண்டிருந்தது அந்த ஃபேன். இரண்டு ஒயரைப் பிரித்து மாற்றிச் சேர்த்தேன். அவ்வளவுதான் வேலை. வண்டிக்காரர் அதற்கு முன் மூன்று இடத்தில் பணம் கட்டியிருந்தார்.

இவர் வண்டியும் அப்படித்தான் இருக்கும் என்று முதலில் நினைத்தேன். பம்பர் மாற்றியது என்று ஒரு வரி எழுதியிருந்தாரே, அதுதான் என் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால் தாள் கிரில்லில் நன்றாக ஒட்டிக்கொண்டு நின்றது என்றார். கையால் பிடுங்கித்தான் எடுத்தாராம். அப்போது ஃபேன் நன்றாகவே இழுக்கிறது. பின் ஏன் ஆறவில்லை?

இழுக்கிற காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்க்கச் சொன்னேன். ஒரு ஈர்க்குச்சியின் நுனியில் ஒரு முழம் தையல் நூலைக் கட்டிக்கொண்டு, கிரில்லின் நடுவில் காட்டாமல், இரண்டு ஓரத்திலும் காட்டுங்கள் என்றேன். ரேடியேட்டரும் வண்டியின் பாடியும் சேருகிற இடுக்கு இருக்கிறதே, அங்கே. வலது பக்கம் நூல் தொங்கியது. இடது பக்கம் நூல் வெளியே, அவரை நோக்கிப் பறந்தது. "சார், சூடா வருது, தோசைக்கல் பக்கத்துல கையை வெச்ச மாதிரி இருக்கு" என்றார். அன்று இரவே டார்ச் அடித்துப் படம் எடுத்து அனுப்பினார். ரேடியேட்டரின் இடது ஓரத்துக்கும் பாடிக்கும் நடுவில் நான்கு விரல் நுழைகிற இடைவெளி.

புதிதாக வரும்போது அந்த இடைவெளியை மூடக் கறுப்பு பிளாஸ்டிக் தகடு ஒன்று இருக்கும். மேலேயும் பக்கத்திலும் ஸ்பாஞ்சுப் பட்டை ஒட்டியிருக்கும். பம்பர் மாற்றுகிறவர்கள் அவற்றைக் கழற்றி ஓரமாக வைப்பார்கள். உடைந்திருந்தால் தூக்கிப் போட்டுவிடுவார்கள். இது பேருக்கு இருக்கிற சின்ன பிளாஸ்டிக் என்று நினைப்பு. ஆனால் அதற்கு வேலை உண்டு. நிற்கும்போது ஃபேன் முன்னாலிருந்து காற்றை உறிஞ்சுவதால் கண்டென்சருக்கு முன்னால் அழுத்தம் குறைவு, பானெட்டுக்குள் அழுத்தம் அதிகம். ஓரத்தில் வழி கிடைத்தால், ரேடியேட்டரைத் தாண்டிப் போன சூடான காற்று அந்த வழியாகச் சுற்றி முன்பக்கம் வந்துவிடும். ஃபேன் அதையே மறுபடி இழுக்கும். மறுபடி சூடாகும், மறுபடி சுற்றும். சன்னலைச் சாத்திய அறையில் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு மின்விசிறி போட்டால் எப்படி இருக்குமோ அப்படி. வண்டி ஓடத் தொடங்கினால் எதிர்காற்று முன்னாலிருந்து தள்ளுவதால் சூடு சுற்றி வர வழியில்லை. அதனால்தான் இரண்டே நிமிடத்தில் முள் இறங்கிவிடுகிறது. எட்டாவது நிமிடம் 109 வந்ததற்கும், ஏசி குளிர் குறைந்ததற்கும் இந்த ஒரே காரணம் போதும்.

தகட்டை வாங்கி மாட்டச் சொன்னேன். இரண்டு பக்கத் தகடும், ஒட்டுகிற ஸ்பாஞ்சுப் பட்டையும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. அதே வாசல், அதே ஏசி, மத்தியான வெயில். எட்டாவது நிமிடத்தில் 99. ஃபேன் வேகமெடுத்ததும் 95க்கு இறங்கி, மறுபடி 99. இருபது நிமிடம் உட்கார்ந்து பார்த்ததாகச் சொன்னார். 100ஐத் தாண்டவே இல்லை.

இதே தொல்லை உள்ள மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. தாளும் நன்றாக ஒட்டுகிறது, ஓரத்தில் நூலும் வெளியே பறக்கவில்லை, ஆனாலும் ஏறுகிறது என்றால் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் பாருங்கள். முன்னாலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும். கொள்ளு, சோளம், ராகி என்று தார் ரோட்டில் காயப் போட்டு வண்டிகளை ஏற விடுகிற மாதங்களில் அந்தப் பக்கமாகப் போய் வருகிற கார்களை நான் கழற்றியிருக்கிறேன். நடுவில் கம்பளி விரித்த மாதிரி சொங்கும் தூசியும் பூச்சியிறகும் படிந்திருக்கும், விரலால் உரித்தால் பாளமாக வரும். இன்ஜின் பக்கத்திலிருந்து முன்னோக்கி, மெதுவான தண்ணீரில் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸில் அடிக்கிற துப்பாக்கியைக் கிட்டே வைத்து அடித்தால் அலுமினிய ஃபின்கள் மடங்கி, இருந்த வழியும் அடைந்துவிடும்.

ஹெட் கேஸ்கட் உண்மையிலேயே போயிருந்தால் வேறு மாதிரி சொல்லும். காலையில் ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் ஆவதற்குள் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகும். கூலன்ட் எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமலே குறையும். ரிசர்வ் டப்பாவில் விடாமல் குமிழ் வரும். பின்னால் வெள்ளைப் புகையில் ஒரு தித்திப்பு வாடை இருக்கும். இவர் வண்டியில் இதில் ஒன்றுகூட இல்லை. அதனால்தான் பிரிக்காதீர்கள் என்று முதல் போனிலேயே உறுதியாகச் சொல்ல முடிந்தது.

கேள்வி: நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் தேவையே இல்லை, எடுத்துவிட்டால் வண்டி எப்போதும் குளிர்ச்சியாக இருக்கும் என்று எங்கள் மெக்கானிக் சொல்கிறார். எடுத்துவிடலாமா?

– ஒரு வாசகர், சேலம்

பதில்: எடுக்காதீர்கள். தெர்மோஸ்டாட் சூடான நாட்டுக்கா, குளிர் நாட்டுக்கா என்ற கேள்வியே இல்லை, அது இன்ஜினுக்கு. 82இலிருந்து 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும்படி பெரும்பாலான தெர்மோஸ்டாட்டுகளைச் செய்கிறார்கள். அந்தச் சூட்டுக்குத்தான் பிஸ்டனின் இடைவெளி, ஆயிலின் கெட்டித் தன்மை, பெட்ரோல் தெளிக்கிற அளவு எல்லாம் கணக்குப் போட்டிருக்கிறார்கள். எடுத்துவிட்டால், இன்ஜின் இன்னும் ஆறித்தான் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் நினைத்து பெட்ரோலைக் கூடத் தெளிக்கும். மைலேஜ் போகும், ஆயிலில் பெட்ரோல் கலக்கும், தேய்மானம் கூடும்.

இன்னொன்று, சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் முழுக்கத் திறக்கும்போது அதன் பின்பக்கத் தட்டு பைபாஸ் வழியை அடைத்துவிடும். எடுத்துவிட்டால் அந்த வழி எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே இன்ஜினுக்குத் திரும்பும். குளிர்ச்சிக்காக எடுத்தது சூட்டைக் கூட்டிவிடும்.

சந்தேகமாக இருந்தால் கழற்றி, தண்ணீர்ப் பாத்திரத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். தண்ணீர் கொதிக்கும் முன்பே அது வாய் திறக்க வேண்டும், ஆறினால் மூட வேண்டும். திறக்காவிட்டால் புதிது வாங்கி மாட்டுங்கள். விலை அதிகமில்லை. வீட்டில் சமைக்கிற பாத்திரம் மட்டும் வேண்டாம்.

கேள்வி: எங்கள் டீசல் ஜீப்பில் ஃபேன் இன்ஜினோடு சேர்ந்து சுற்றுகிறது. ரயில்வே கேட்டில் நின்றால் சூடேறுகிறது. ஃபேன் கிளட்ச் வீக் ஆகிவிட்டது, போல்ட் போட்டு இறுக்கிவிடலாம் என்கிறார்கள்.

– ஒரு வாசகர், தேனி

பதில்: கிளட்ச் வீக் என்பது சரியாக இருக்கலாம். போல்ட் போடுவது சரியில்லை. அந்தக் கிளட்சுக்குள் கெட்டியான சிலிக்கான் ஆயில் இருக்கிறது. ரேடியேட்டர் வழியாக வருகிற காற்று சூடானால் முன்னால் உள்ள சுருள் விரிந்து உள்ளே வழி திறக்கும், ஆயில் பரவிப் பிடிக்கும், ஃபேன் வேகமெடுக்கும். ஆறினால் விட்டுவிடும். ஆயில் கசிந்தால் ஃபேன் சோம்பலாகத்தான் சுற்றும். இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, சூடாக இருக்கும்போதே ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். கையை எடுத்ததும் நின்றுவிட வேண்டும். நாலைந்து சுற்று தானாகச் சுற்றினால் கிளட்ச் போய்விட்டது. நடுவில் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டி நட்சத்திரம் மாதிரி கோடு கோடாகத் தெரிந்தாலும் அதேதான். போல்ட் போட்டு இறுக்கினால் இன்ஜின் 3,500, 4,000 சுற்று போகும்போது ஃபேனும் அந்த வேகத்தில் சுற்றும். இறக்கை உடைந்து ரேடியேட்டரைக் கிழித்துக்கொண்டு போன வண்டியை நான் பார்த்திருக்கிறேன். கிளட்சையே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பரனூர் டோல்கேட்டில் ஒரு மணி நேரம் ஊர்ந்தோம். முள் ஏறத் தொடங்கியது. குழந்தைகள் வண்டிக்குள். என்ன செய்வது என்று தெரியவில்லை. அடுத்த முறைக்குச் சொல்லுங்கள்.

– ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: முள் நடுவைத் தாண்டினதும் ஏசியை அணையுங்கள். கண்டென்சரின் சூடு ரேடியேட்டர் மேல் விழுவது அப்போதே நின்றுவிடும். சன்னல்களை இறக்கிவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து புளோயரையும் முழு வேகத்தில் போடுங்கள். சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள், ஆனால் ஹீட்டர் என்பது டேஷ்போர்டுக்குள் இருக்கிற ஒரு சின்ன ரேடியேட்டர். இன்ஜின் தண்ணீர்தான் அதற்குள் ஓடுகிறது. இன்ஜினின் சூட்டில் கொஞ்சத்தை அது வண்டிக்குள் கொட்டும். உங்களுக்கு வியர்க்கும், இன்ஜின் பிழைக்கும். குழந்தைகள் இருந்தால் காற்றுத் திசையைக் கால் பக்கம் திருப்பிவிடுங்கள். ஹீட்டரிலிருந்து சூடே வரவில்லை, ஆனால் முள் ஏறுகிறது என்றால் உள்ளே தண்ணீரே குறைந்திருக்கலாம், அதற்கு மேல் ஓட்ட வேண்டாம்.

சிவப்பு விளக்கு எரிந்தாலோ ஆவி வந்தாலோ ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். குழந்தைகளை இறக்கி, சாலையின் ஓரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்க வையுங்கள். ஆவி அடங்கும்வரை பானெட்டை முழுக்கத் திறக்க வேண்டாம். பச்சைத் தண்ணீரை இன்ஜின் மேலே ஊற்றாதீர்கள், கொதிக்கிற இரும்பும் அலுமினியமும் திடீரென்று குளிர்ந்தால் விரிசல் விடும். ஆறின பிறகு டப்பாவில் அளவு பாருங்கள். குறைந்திருந்தால் கையில் இருக்கிற குடிதண்ணீரை ஊற்றிப் பக்கத்துப் பட்டறை வரை போகலாம். ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் அதை இறக்கிவிட்டுச் சரியான கலவையை நிரப்பிவிடுங்கள்.

கேள்வி: பச்சைக் கூலன்ட் இருந்த வண்டியில் சிவப்பை ஊற்றிவிட்டார்கள். ஆபத்தா? போர் தண்ணீர் கலக்கலாமா?

– ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்: நிறத்துக்கென்று பொது விதி எதுவும் கிடையாது, ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பத்துக்குச் சாயம் போடுகிறது. உள்ளே இருக்கிற துருத்தடுப்பு மருந்துதான் முக்கியம். இரண்டு வகை மருந்து ஒன்றுசேர்ந்தால் வேலை செய்யாமல் போகலாம், சில சமயம் கசடாகத் திரியும். அதனால் முழுக்க இறக்கி, அலசி, வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கிற வகையையே நிரப்பிவிடுங்கள். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். உங்கள் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியைப் பாருங்கள், வெள்ளையாகப் படிந்திருக்கும். அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் படிந்தால் சொறிந்து எடுக்கக் கை போகாது. ரெடிமேடாகக் கலந்து வருகிற கூலன்ட் என்றால் அப்படியே ஊற்றலாம். கலக்க வேண்டியது என்றால் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர். பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர் என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள், கேனில் ஆசிட் என்று எழுதியிருக்கிறதா என்று ஒரு தடவை படித்துப் பார்த்து வாங்குங்கள். பழைய கூலன்டைச் சாக்கடையிலோ தென்னை மரத்தடியிலோ கொட்டாதீர்கள். தித்திப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும், கொஞ்சம் போனாலே அவற்றின் சிறுநீரகம் போய்விடும். கேனில் பிடித்து மூடி, மாற்றிக் கொடுக்கிற பட்டறையிலேயே ஒப்படைத்துவிடுங்கள்.